சிவப்புப் பேனாவும் வலை முடிச்சும்

பொருநை நதி புரண்டோடும் நெல்லைச் சீமையிலே, புத்தகங்கள் புடைசூழ நடக்கும் இந்த நூலக வார விழாவின் தலைவர், எங்கள் தலைமையாசிரியை பாலம்மாள் அம்மா அவர்களே! நடுவர் இருக்கையில் நடுநிலை பிறழாது அமர்ந்து, வலக்கையில் பேனாவும் இடக்கையில் மணியும் வைத்திருக்கும் மேலப்பாளையம் அகமது மீரான் ஐயா அவர்களே! மழை மிரட்டியும் மனம் மாறாமல் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதற்காகப் பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் அமர்ந்து, பொரிகடலைப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க முடியும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் என் விடுதித் தோழியரே! உங்கள் அனைவரையும், தாமிரபரணி கடலோடு கைகோக்கும் புன்னக்காயலின் மகள் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

"என்னை வியக்க வைத்த கருவி." இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒருவர் தொலைநோக்கியைச் சொன்னார். வானத்தைக் கிட்டே கொண்டுவரும் கருவி! இன்னொருவர் ஏவுகணையைச் சொன்னார். இடி முழங்கியதுபோல் பேசினார்! நான் சொல்லப்போவது என்ன தெரியுமா? ஒரு பேனா. எழுதாத பேனா. மை இல்லாத பேனா. மூடியைத் திறந்தால் சிவப்பு வெளிச்சம் சிந்தும் பேனா.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம் வரைக்கும் சிரித்தவள்தான்.

அன்றைக்கு என் அக்கா ஆன்லினுக்குக் கல்யாணம். கோயிலில் பூசை பத்தரை மணிக்கு. எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் கோயிலுக்குப் புறப்படும் முன்னால் வீட்டு வாசலில் முழங்கால்படியிடுவாள். பெற்றவர் தன் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைவார். அதற்குப் பிறகுதான் அவள் வாசற்படி தாண்டுவாள்.

ஆனால் எங்கள் அப்பா எங்கே? எங்கள் அப்பா மத்தியாஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். கல்யாணத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். மாற்று ஆள் வராததால் கப்பல் அவரை விடவில்லை. அன்று காலை அவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்றார். நம் நேரப்படி பத்து மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. பழைய கப்பல், அதில் இணையம் கிடையாது. கடலுக்குள் போய்விட்டால் இருபது நாளைக்கு முகம் பார்க்க முடியாது. அதனால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் மடிக்கணினியை வைத்து, அதற்கும் ஒரு மல்லிகைச் சரம் சுற்றி, அப்பாவைத் திரையிலே வரவழைத்திருந்தோம். திரையிலிருந்தே அவர் சிலுவை வரைவார்.

எட்டே முக்கால் மணிக்கு அப்பா வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அம்மா அந்தோணியம்மாள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். "என்னட்டி, மூத்தவளுக்கு அலங்காரம் முடிஞ்சிதா?" என்று கேட்ட அப்பா, அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது! கண் பாதி மூடியபடி, கை பாதி தூக்கியபடி, அசையாமல் உறைந்தார். அப்புறம் திரை கருத்தது. வீட்டுக்குள்ளே மோடம் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடித்தது.

ஒளியிழை வழியாக வரும் அந்த இணைப்பு எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்கு மட்டும்தான் அப்போது வந்திருந்தது. பதினொரு வீடுகள். பதினொரு வீட்டிலும் சிவப்பு விளக்கு! இணைப்பு அலுவலகத்துக்குப் புகார் சொன்னோம். அப்பாவைக் கைபேசியில் கூப்பிட்டோம். ஆற்று முகத்தில் கைபேசிக்குக் குரல் வரும், முகம் வராது.

"அதான் அப்பா குரல் கேக்குதுல்லா, போனக் காதுல வச்சிக்கிட்டு மண்டி போடு. ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான" என்றார் தாய்மாமா டைட்டஸ்.

அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "சிலுவைய யாராவது காதுல கேப்பாங்களா மாமா? அப்பா வெரலப் பாக்காம நான் இந்தப் படி தாண்ட மாட்டேன். பூச நேரம் தாண்டுனாலும் சரி."

தாண்டமாட்டாள்! என் அக்காவை எனக்குத் தெரியும். அதோ மூன்றாவது வரிசையில், மாப்பிள்ளையோடு, பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். பார்த்தாலே தெரியவில்லையா?

மாமா வெளியே ஓடினார். எங்கே ஓடினார்? தெருவின் கோடியில், ஆற்றோரம், குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய இடத்துக்கு ஓடினார். எங்கள் தெருவுக்கு வரும் கம்பி அந்த இடத்தில்தான் மண்ணுக்குள் போகிறது. அங்கே பொக்லைன் ஓட்டும் தேவேந்திரன் அண்ணன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டமும் பின்னால் ஓடியது. நானும் ஓடினேன்.

"ஏலே தேவேந்திரா! வயர அத்துப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாரி டீ குடிக்கியால?"

"அண்ணாச்சி, நெஞ்சத் தொட்டுச் சொல்லுதேன், முந்தாநாள்லருந்து வண்டிய எடுக்கவே இல்ல வே. சக்கரத்தப் பாருங்க, மண்ணு காஞ்சு கெடக்கு."

"காஞ்சு கெடக்காம்! கல்யாண வீட்டுச் சாபத்தயா வாங்குத!"

ஒருவர் அவர் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைத் தட்டிவிட்டார். தேநீர் மண்ணில் கொட்டியது. அந்த முகத்தை நான் பார்த்தேன். செய்யாத தவறுக்காகத் தலைகுனிந்து நின்ற அந்த முகம்! அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஐயா, மணியை மட்டும் கொஞ்சம் பொறுத்து அடியுங்கள்.

அப்போதுதான் முக்காணிப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதில் ஒரு பெண். நீலச் சட்டை, தோளில் ஒரு பை, தலையில் கட்டிய துண்டு. பெயர் சந்தனமாரி. இணைப்பு பழுதானால் பார்க்க வரும் பணியாளர்.

"பொம்பளப் பிள்ளையத்தான் அனுப்பிருக்கானுவளா? கம்பத்துல யாரு ஏற?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"ஏறணும்னா ஏறுவேன் அண்ணாச்சி. எங்க ஏறணும்னு மொதல்ல பாப்போம்" என்றார் அவர். அவ்வளவுதான். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தார். கூட்டமும் தேவேந்திரன் அண்ணனை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

அவையோரே! நான் புத்தகத்தில் மந்திரப் பைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். அதிலிருந்த ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒவ்வொன்றும் மனிதக் கண்ணால் முடியாத ஒன்றைச் செய்யும்.

முதலில் வந்தது ஒளியை அளக்கும் மீட்டர். பார்ப்பதற்குப் பழைய கால்குலேட்டர்போல இருந்தது. நம் தெருவில் தொங்குகிற கம்பிக்குள்ளே செம்பு இல்லை. தலைமுடிபோல மெல்லிய ஒரு கண்ணாடி இழைதான் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்குள் ஓடுவது ஒளி. அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி! நான் ஆர்வத்தில் இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோனேன். "ஏட்டி, கண்ணுகிட்ட வைக்காத! தெரியாதுன்னா இல்லன்னு அர்த்தமா?" என்று கையைத் தட்டிவிட்டார். எத்தனை பெரிய கேள்வி!

மீட்டரில் எண் எழுந்தது. கழித்தல் முப்பத்தொன்று.

"வழக்கமா இங்கன கழித்தல் இருபத்தொண்ணு வரும். பத்துக் கொறஞ்சா, பத்துல ஒரு பங்கு வெளிச்சம்தான் வருதுன்னு அர்த்தம்" என்றார். எங்கள் வீட்டை ஒட்டிய கம்பத்தில் தெருவுக்கான பெட்டி இருக்கிறது. அங்கேயும் அளந்தார். அங்கேயும் அதே குறைவு. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "ஒடஞ்சிருந்தா ஒண்ணுமே வராது. வெளிச்சம் வருது. ஆனா நோஞ்சானா வருது. இந்தப் பெட்டிக்கு அங்கிட்டு, எங்கனயோ வழியில சிந்துது."

சிந்துகிறது! தண்ணீர் சிந்தும், பால் சிந்தும். ஒளி சிந்துமா? கண்ணாடிக் குழாயில் ஓடும் ஒளி கசியுமா?

இரண்டாவது கருவி, கையடக்கத் திரை வைத்த தூரமானி. பெட்டியிலிருந்து அதை இணைத்தார். அது என்ன செய்கிறது? ஒரு துளி ஒளியைக் கண்ணாடிக்குள் அனுப்புகிறது. அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. போகும் வழியெல்லாம் அந்த ஒளியில் ஒரு துணுக்கு திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. எங்கே பழுதோ அங்கே திரும்பி வருவது சட்டென்று குறைகிறது. போய்த் திரும்பிய நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடுகிறது. திரையில் நேராகப் போன கோடு ஓரிடத்தில் படி இறங்குவதுபோல் இறங்கியது. கீழே எண். தொண்ணூற்றாறு மீட்டர்.

தொண்ணூற்றாறு மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு எவ்வளவு நேரம்? நான் விடுதிக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரியுங்கள். அதில் ஏறக்குறைய ஒரு பங்கு! கண் இமைப்பதற்குள் அல்ல. இமைக்க வேண்டும் என்று நினைப்பதற்குள்! போனது, பார்த்தது, வந்தது, உண்மையைச் சொன்னது.

"பள்ளம் இங்கருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் சந்தனமாரி.

"முந்நூறு மீட்டருக்கு மேல இருக்கும்" என்றார் யாரோ.

"அப்பம் இந்த அண்ணன ஏன் வைதிய? கோளாறு தொண்ணூத்தாறுக்குள்ள இருக்கு. இவரு அதுல இல்ல."

சாட்சி சொல்ல ஒரு மனிதர்கூட முன்வராத இடத்தில், ஓர் உள்ளங்கைக் கருவி சாட்சி சொன்னது! அதற்கு உறவு தெரியாது, ஊர் தெரியாது, யார் சத்தமாகப் பேசுகிறார் என்று தெரியாது. தூரம் மட்டும்தான் தெரியும். தேவேந்திரன் அண்ணன் கையோடு எடுத்துவந்த குவளையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார்.

உடனே மாமா தெருவில் காலடியால் அளந்துகொண்டு தொண்ணூற்றாறு மீட்டர் நடந்தார். தென்னைமரத்தடியில் போய் நின்று, "இங்கன ஒண்ணையும் காணோமே!" என்று கத்தினார்.

"பைய வாங்க அண்ணாச்சி, ஓடாதீங்க" என்று சந்தனமாரி சிரித்தார். "அது கண்ணாடியோட நீளம், ரோட்டோட நீளம் இல்ல. பின்னால தேவப்படும்னு கம்பத்துக்குக் கம்பம் வயரச் சுருட்டி வச்சிருப்போம். இந்தப் பெட்டிக்கிட்ட முப்பது மீட்டர். அடுத்த கம்பத்துல முப்பது மீட்டர். அதக் கழிங்க."

தொண்ணூற்றாறில் அறுபது போனால்? சொல்லுங்கள் தோழியரே! முப்பத்தாறு! கடலை தின்றாலும் கணக்கு வருகிறதே, வாழ்க!

முப்பத்தாறு மீட்டரில் என்ன இருக்கிறது? அந்தோணியார் குருசடி என்னும் சிற்றாலயம் இருக்கிறது. குருசடிக்கு ஒரு சுற்றுச்சுவர். சுவர்மேல் ஏறினால் கைக்கு எட்டும் உயரத்தில் அந்த வெள்ளைக் கம்பி போகிறது. அந்த இடத்தில் கல்யாணத்துக்காகக் கட்டிய வண்ணக் கொடிகள், சரம் சரமாக, கடற்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கம்பி எங்கேயும் அறுபடவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது?

மணி ஒன்பது முப்பத்தைந்து.

இப்போது வந்தது என் பேனா. எழுதாத பேனா! சந்தனமாரி அதைப் பெட்டியில் இழையின் முனையில் செருகினார். பேனாவின் சிவப்பு ஒளி கண்ணாடிக்குள் நுழைந்தது. நல்ல கண்ணாடிக்குள் அது சமர்த்தாகப் போய்விடுமாம். எங்கே ஒடிவோ, எங்கே மடிப்போ, அங்கே தாங்காமல் வெளியே வந்துவிடுமாம். ஆனால் சித்திரை வெயில்! அந்த வெயிலில் சிவப்பு தெரியுமா?

"யாராவது ஒரு கருப்புக் கொட கொண்டாங்க" என்றார். அம்மா ஓடிப்போய் வீட்டிலிருந்த பெரிய கருங்குடையைக் கொண்டுவந்தாள். சந்தனமாரி சுவரில் ஏறிக் குடையை விரித்தார். "ஏட்டி, நீ சின்னப் பிள்ளதான், நீயும் ஏறி வந்து இதப் பிடி" என்று என்னை அழைத்தார். ஏறினேன். குடைக்குள் நிழல் சூழ்ந்தது.

அங்கே, அந்த நிழலில், வெள்ளைக் கம்பியின் ஓரிடத்தில், ஒரு சிவப்பு மணி ஒளிர்ந்தது.

என்ன சொல்வேன்! மாதுளை முத்து என்பேனா? மாணிக்கப் பரல் என்பேனா? கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிக்குள் ஓடிய ஒன்று, "இதோ இங்கே எனக்கு வலிக்கிறது" என்று வாய்திறந்து சொன்னதுபோல இருந்தது. எங்கள் அப்பாவின் முகமெல்லாம், குரலெல்லாம், சிங்கப்பூரிலிருந்து கடல் கடந்து, நாடு கடந்து, ஆறு கடந்து வந்து, கடைசியில் இந்தக் குருசடிச் சுவரில் சிந்திக்கொண்டிருந்ததா? மூச்சுவிட மறந்தேன்.

மூச்சுவிட மறந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சிவப்பு மணி ஒளிர்ந்தது ஒரு முடிச்சின் நடுவில். கொடிச் சரத்தின் கயிறு கம்பியைச் சுற்றி முடியப்பட்டிருந்தது. காற்று இழுக்க இழுக்க அந்த முடிச்சு இறுகி, கம்பியைக் கொக்கிபோல மடித்திருந்தது. கண்ணாடி உடையவில்லை, மடங்கியிருந்தது. மடங்கிய கண்ணாடியில் ஒளி திரும்பத் தெரியாமல் வெளியே விழுந்தது.

"கயித்த அறுத்து எறி!" என்று கீழிருந்து மாமா கத்தியை நீட்டினார்.

"கத்தி வச்சா கண்ணாடியும் போயிரும். ஒட்டணும்னா ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் சந்தனமாரி. நகத்தால் நெருடிப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. அது வலைக்காரர் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகும். இன்னும் இழுத்தால் இன்னும் இறுகும். அவிழ்க்க வேண்டுமென்றால் இழுக்கக் கூடாது. காதுபோல மடங்கியிருக்கும் ஓரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

குடையை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கட்டைவிரலாலும் அந்தக் காதைப் பின்னுக்குத் தள்ளினேன். முடிச்சு நெகிழ்ந்தது. கயிறு நழுவியது. மடிப்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அவையோரே, அந்தச் சிவப்பு மணி என் கண்முன்னால் மங்கி, மங்கி, மறைந்தது. வெளியே சிந்திய ஒளி வீட்டுக்குப் போய்விட்டது!

சந்தனமாரி என்னைப் பார்த்தார். குடைக்குள் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "அவுக்கத் தெரிஞ்ச வெரலு" என்று மெல்லச் சொன்னார். கீழே இறங்கி, கூட்டத்திடம், "காத்துல கொடி இழுத்து வயரு மடங்கிட்டு. அவ்வளவுதான்" என்றார். கழற்றிய முனையை இன்னொரு சிறு பேனாவால் 'டிக்' என்று ஒருமுறை துடைத்து மாட்டினார். ஒரு தூசி போதுமாம், அந்தச் சின்னஞ்சிறு வழியை மறிக்க! மீட்டரில் மறுபடி எண் எழுந்தது. கழித்தல் இருபத்தொன்று.

மணி ஒன்பது ஐம்பது. திரையில் அப்பா வந்தார்! "எம்மா, கயிறு அவுக்கப் போறாங்க, சீக்கிரம்!" என்றார். அவர் கயிறு என்றது கப்பலைக் கட்டிய கயிறு. நான் நினைத்தது வேறு கயிறு.

அக்கா நாற்காலி முன்னால் முழங்கால்படியிட்டாள். அப்பா கட்டைவிரலை நீட்டினார். நீட்டிய அவசரத்தில் விரல் நேரே கேமராவின் மேலேயே பட்டுவிட்டது. அவர் பின்னால் அடித்த வெயில் அந்த விரலுக்குள் ஊடுருவி, திரை முழுவதும் ஒரே சிவப்பாக ஒளிர்ந்தது. அப்பா முகம் தெரியவில்லை. சிலுவை தெரியவில்லை. அந்தச் சிவப்பு மேலிருந்து கீழே ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை அசைந்தது. அக்கா அந்தச் சிவப்பிலே தன் நெற்றியை வைத்தாள். பிறகு எழுந்தாள். படி தாண்டினாள்.

ஐயா மணி அடித்துவிட்டார். தெரிகிறது ஐயா. ஆனால் கடைசியில் சொல்கிறேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

அந்த முடிச்சைப் போட்டது யார்?

முதல் நாள் மாலை குருசடிச் சுவரில் ஏறி, கொடிச் சரம் கட்ட ஆணி கிடைக்காமல், கைக்கு எட்டிய வெள்ளைக் கம்பியில், அப்பா கற்றுக்கொடுத்த வலை முடிச்சை, பெருமையோடு, இறுக்கமாக, இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டவள் யார்?

நான்தான்.

பள்ளத்தருகே கூட்டம் கத்தியபோது எனக்கு அது தெரியாது. ஆனால் குடைக்குள் தெரிந்துவிட்டதே! அப்போது இறங்கி வந்து, "தேவேந்திரன் அண்ணன் இல்லை, நான்" என்று ஏன் சொல்லவில்லை? கொட்டிய தேநீருக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? உள்ளங்கையளவு கருவி, தவறு இருக்கும் இடத்தைப் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் போய்ப் பார்த்துத் திரும்பி வந்து சொல்லிவிட்டது. எனக்கோ ஆறு மாதம் ஆகியிருக்கிறது! ஒளி முப்பத்தாறு மீட்டரை மறைக்கவில்லை. நான் மறைத்தேன். கண்ணாடி மடங்கினால் சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கிறது. நான் மடங்கினேன், வெள்ளையாகவே திரிந்தேன்!

இந்தக் கருவிகளைக் கண்டு நான் வியந்தது அவை நுட்பமானவை என்பதற்காக மட்டும் அல்ல. அவை தயங்குவதில்லை என்பதற்காக! வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். தேவேந்திரன் அண்ணன் முன்னால் போய் நின்று சொல்வேன். அதற்கு முன்னால், மூன்றாவது வரிசையில் இருக்கும் உன்னிடம் சொல்கிறேன், அக்கா. உன் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது என் முடிச்சு.

என்ன? என்னக்கா சொல்கிறாய்? அவையோரே, கொஞ்சம் அமைதி, என் அக்கா எழுந்து நிற்கிறாள்.

"ஏட்டி! எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி! நம்ம வீட்ல அந்த முடிச்சப் போட அப்பாவ விட்டா ஒனக்குத்தான தெரியும்? தேவேந்திரன் அண்ணன்கிட்டயும் நான் சொல்லிட்டேன். நீயா சொல்லுதியான்னு பாத்துக்கிட்டு இருக்கோம். போட்டதும் நீ, அவுத்ததும் நீ. பேசுனது போதும், எறங்கி வாட்டி!"

கேட்டீர்களா? ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்காவின் ஆணையை மீற எனக்குத் துணிவில்லை. பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், இரண்டாவது மணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கும் நடுவர் ஐயாவுக்கும், தாய்மார்களுக்கும், தோழியருக்கும், இந்த நேரம் எந்த ஊரிலோ எந்தக் கம்பத்திலோ ஏறி நிற்கும் சந்தனமாரி அக்காவுக்கும் என் நன்றி. புன்னக்காயல் மத்தியாஸின் இளைய மகள் செலஸ்டினா, தொண்டையில் இருந்த முடிச்சு அவிழ்ந்த மகிழ்ச்சியோடு, உங்கள் எல்லாரையும் வணங்கி இறங்குகிறேன். வணக்கம்.